ரங்கநாயகி அக்காவின் சாலைப் பக்கச் சுவர்

ரங்கநாயகி அக்காவின் மகள் சாந்தியின் தொலைபேசி வந்தபோது நான் சேலம் அலுவலகத்தில் மறுநாள் பக்கத்துக்கான செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஏற்காடு பஸ் நிலையத்துப் பூத்திலிருந்து பேசினாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. "அம்மா காலையில போயிட்டாங்க சார்" என்றாள். பிறகு, "போஸ்டர் அடிக்க வேண்டாம்னு போன மாசமே சொல்லிட்டாங்க. எங்க மாமா கேக்க மாட்டேங்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். ரிசீவர் மாமாவின் கைக்கு மாறியது. "ஏனுங்க, போஸ்டர் ஒட்டலைன்னா ஊருல என்ன நெனைப்பானுங்க? நாதியத்த பொணம்னு பேசுவானுங்க" என்றார் அவர். இறந்தவரின் விருப்பம் அதுதான் என்று மட்டும் சொன்னேன். "அவளுக்கென்னங்க, அவ போயிட்டா. மூஞ்சி காட்டோணுமே நாங்க" என்று முணுமுணுத்தார். ஆனாலும் ஒட்டவில்லை.

எங்கள் மலையில் ஒருவர் இறந்த அன்றே கறுப்புக் கரை கட்டிய கண்ணீர் அஞ்சலி பஸ் நிலையச் சுவரில் ஏறிவிடும். வாழவந்தியிலிருந்தும் கொட்டச்சேட்டிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் சாவுக்கு நடப்பார்கள். தையல்கார ரங்கநாயகிக்கு அப்படி எதுவும் ஒட்டப்படாததால், அவரிடம் ரவிக்கை தைத்துக்கொண்ட பலருக்கு அவர் இறந்தது இன்னும் தெரிந்திருக்காது. அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

அவர் வீட்டை எல்லோருக்கும் தெரியும். மலைப்பாதை முடிந்து ஊர் தொடங்கும் வளைவில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறி வரும் எந்த வண்டியும் அங்கே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். குறைத்ததும் கண்ணுக்கு நேரே வருவது அந்த வீட்டின் சாலைப் பக்கச் சுவர். உள்ளே ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. பின்பக்கம் வெட்டிய மண்மேட்டோடு ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் அடுத்தவரின் மிளகுக் கிடங்கு. மறுபக்கம் ஓர் ஆள் நுழையக்கூடிய சந்து, அதில்தான் வாசல். அந்த வீட்டுக்குக் காற்று வர ஜன்னல் என்று ஒன்று வைத்தால் சாலைப் பக்கச் சுவரில்தான் வைக்க முடியும். ஊரில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கும் வேண்டியிருந்தது அந்தச் சுவர்தான்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஏற்காட்டில் பகுதிநேர நிருபராக இருந்தேன். செய்தி அனுப்புவதோடு, சீசன் சிறப்பிதழுக்கும் பொங்கல் மலருக்கும் கடைக்காரர்களிடம் விளம்பரம் வாங்கித் தருவதும் என் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மனு, ஒப்பந்தம் எழுதவும் ஆட்கள் வருவார்கள். ரங்கநாயகி அக்கா அப்படித்தான் வந்தார். கணவர் எஸ்டேட் லாரி கவிழ்ந்து இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கூரை ஒழுகியது. பத்து வயதில் மகள் சாந்தி இருந்தாள். சமவெளியிலிருந்து வந்து லாட்ஜ் கட்டியிருந்த ஒருவர், சுவரில் விளம்பரம் எழுத விட்டால் கூரைக்குத் தகரமும் வீட்டுக்கு வெள்ளையும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவரை ஊரே முதலாளி என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்கிறேன்.

அப்போது மலையில் சுவரை மாதக் கணக்கிலோ வருடக் கணக்கிலோ பேச மாட்டார்கள். மழைக் கணக்கில் பேசுவார்கள். சுண்ணாம்பில் நீலப்பொடி கலந்து எழுதிய எழுத்து ஆடிச் சாரலில் மங்கி, ஐப்பசி மழையில் வழிந்துவிடும். வழிந்ததும் சுவர் மறுபடி வீட்டுக்காரருடையது. புதிதாக எழுத வருகிறவர் புதிதாகப் பேச வேண்டும். அக்காவும் அதை நம்பித்தான் பேசினார்.

"வருசம் கிருசம் போடாதீங்க தம்பி. எழுத்து அழியற வரைக்கும் செவுரு அவருக்குன்னு போடுங்க. கார்த்திகைக்குள்ள எப்படியும் போயிரும். அடுத்த தடவை அடுப்படிக்குச் சிமென்டு கேக்கோணும்" என்றார். நான் அப்படியே எழுதினேன். அதுவரை சுவரை இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் முதலாளி. அதையும் எழுதினேன். அக்கா பெருவிரல் வைக்கவில்லை. தன் பெயரை நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டார்.

முதலாளி சேலத்திலிருந்து எனாமல் பெயிண்ட் டப்பாக்கள் கொண்டுவந்தார். மலையில் சுவர் விளம்பரத்துக்கு எனாமல் அடித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பெயிண்டர் ஆரோக்கியசாமி சாரம் கட்டி நான்கு நாள் எழுதினார். "குடும்பத்துடன் தங்க. வெந்நீர் உண்டு. வேன் நிறுத்த இடம் உண்டு." அதன் கீழே லாட்ஜின் பெயர், ஓர் அம்புக்குறி, கறுப்பு ஜன்னல்கள் வைத்த ஒரு மஞ்சள் வேன். முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆசிட் ஊத்தினாக்கூட இது போகாதுங்க" என்று பெருமையாகச் சொன்னார். அக்காவின் முகம் அப்போதுதான் மாறியது.

ஐப்பசி வந்தது, போனது. எழுத்து அப்படியே நின்றது. எங்காவது லேசாக மங்கினால் சீசனுக்கு முன் ஆரோக்கியசாமியை அனுப்பி அதன் மேலேயே எழுதிவிடுவார் முதலாளி. "நான் மழையை நம்பினேன், அவரு டப்பாவை நம்பினாரு. டப்பா கெலிச்சிருச்சுங்க" என்று அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போது சிரிக்க முடிந்தது.

சாந்திக்குப் பதினாறு வயதிருக்கும்போது இரைப்பு தொடங்கியது. அறைக்குள் எப்போதும் மண்மேட்டின் ஈரம், விறகுப் புகை, காயாத துணியின் வாடை. அக்கா தையல் எந்திரத்தைச் சந்து வாசலில் போட்டிருந்தார். அங்கேதான் மூன்று மணி வரையாவது வெளிச்சம் இருக்கும். மருத்துவமனையில் டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, மருந்து பாதி, காற்று பாதி, வீட்டில் ஒரு ஜன்னல் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அக்கா முதலாளியைப் பார்க்கப் போன அன்று நானும் அங்கே இருந்தேன். சீசன் சிறப்பிதழுக்கு விளம்பரம் கேட்டுப் போயிருந்தேன்.

"ஏனுங்க, ரெண்டடிக்கு ரெண்டடி போதுங்க. வெந்நீருங்கறதுக்கும் உண்டுங்கறதுக்கும் நடுவுல எடம் இருக்குதுங்க. நூல் புடிச்சு அளந்துட்டேன்" என்றார் அக்கா.

முதலாளி சிரித்தார். "வெந்நீர் அந்தப் பக்கம், உண்டு இந்தப் பக்கம், நடுவுல உன்ற ஊட்டுப் பாவாடை காயுமா? அதைப் பாத்துட்டு எவன் என்ற லாட்ஜுக்கு வருவான்?"

"பாவாடை காயப்போட மாட்டனுங்க."

"இன்னைக்கு ஜன்னலும்ப. நாளைக்கு அதுல டீக்கடை வைப்ப."

"புள்ள மூச்சு விடறதுக்குங்க."

"ஃபேன் ஒண்ணு வாங்கித் தர்றேன், எடுத்துட்டுப் போ."

"உள்ள காத்து இருந்தாத்தானுங்க ஃபேன் அதைச் சுத்தி அடிக்கும்?" என்றார் அக்கா.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சார் எழுதின பேப்பர்தானே. செவுத்தை மாத்தக் கூடாதுன்னு இருக்குதில்ல சார்?" இருக்கிறது என்றேன். அவர் அரைப் பக்க விளம்பரத்துக்குத் தலையாட்டினார்.

திரும்பி நடக்கும்போது, சொல்லாமலே இடித்துவிட்டால் என்ன ஆகும் என்று அக்காவிடம் கேட்டேன். அவர் நின்று பதில் சொன்னார். வீடு புறம்போக்கில் இருக்கிறது, பட்டா இல்லை. முதலாளியோ அதிகாரிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர். லாட்ஜின் தலையணை உறை, ஜன்னல் திரை, சீசனுக்குச் சாலையின் குறுக்கே கட்டும் துணி பேனருக்கு ஓரம் மடித்துத் தைப்பது என்று அக்காவின் வேலை எல்லாம் அவரிடமிருந்துதான் வருகிறது. "பயமில்லீங்க தம்பி. தலகாணி உறை" என்றார். ஒருவரை எது கட்டிப்போட்டிருக்கிறது என்பதை இத்தனை சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு வாரம் கழித்து என் அறைக்கு வந்தார். "நீங்க பேப்பருல போடுங்க தம்பி. நாலு பேரு படிச்சாங்கன்னா அவருக்கே வெக்கமாப் போயிரும்." பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் வந்தார், பார்க்கலாம் என்றேன். மூன்றாவது முறை வந்தபோது என் மேசையில் சிறப்பிதழ் விரித்துக் கிடந்தது. லாட்ஜின் விளம்பரம் அரைப் பக்கம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க செவுத்துலயும் எழுதிட்டாருங்களா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பது போலக் கேட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வேறு வழி தேடிக்கொண்டார். அடுத்த சீசனுக்கு முன் எழுத்தைப் புதுப்பிக்க வந்த ஆரோக்கியசாமியிடம், "வண்டின்னா ஜன்னல் இருக்கோணுமில்லீங்க?" என்று கேட்டிருக்கிறார். "இருக்குதே, கறுப்பா" என்றாராம் அவர். "அது நெசமாவே இருந்துட்டா யாருக்குத் தெரியும்?" ஆரோக்கியசாமிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனதாம். புரிந்ததும் சாரத்தின் மேலிருந்தே சிரித்தாராம். உள்ளே இருந்து அக்கா மண்சாந்தைச் சுரண்டி இரண்டு செங்கல்லை உருவினார். வெளியே ஆரோக்கியசாமி ஒரு பலகைத் துண்டுக்குக் கறுப்படித்துப் பொருத்தினார். சாலையிலிருந்து பார்த்தால் மஞ்சள் வேனின் கறுப்பு ஜன்னல். உள்ளே பலகையை நகர்த்தினால் ஒரு சாண் காற்று.

பத்து வருடத்துக்கு மேல் அந்த வீடு அந்த ஒரு சாண் காற்றில் இருந்தது. சாந்தி ஸ்டூலில் உட்கார்ந்து துளையில் முகத்தை வைத்திருப்பாள். முதலாளியின் ஜீப் சத்தம் அவளுக்கு அத்துப்படி. கேட்டதும் பலகையை இழுத்துவிடுவாள். சுற்றுலா வண்டியில் போகிற குழந்தைகள், படத்து வேனில் ஒரு முகம் இருப்பதைப் பார்த்துக் கை காட்டுவார்கள். முதலில் அவளும் கை காட்டினாள். பிறகு காட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு சீசனுக்கும் ஆரோக்கியசாமி வேனைக் கொஞ்சம் பெரிதாக வரைந்தார். முதலாளி கேட்டதற்கு, "இப்பெல்லாம் பெரிய வண்டியாத்தானுங்க வருது" என்று சமாளித்தார். ஆனால் துளையை அவரால் பெரிதாக்க முடியவில்லை. அதற்கு மேல் எடுத்தால் சுவர் தாங்காது என்று பயந்தார். சாந்தியின் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து, இரைப்பைக் கேள்விப்பட்டு நின்றது.

தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்தது. படத்துக்கு நடுவே உள்ளூர்க் கடைகளின் விளம்பரம் போட ஆரம்பித்தார்கள். பாட்டு ஓட, அசையாத ஒரு படமும் இரண்டு வரி எழுத்தும் வரும். அப்போது நான் சேலம் அலுவலகத்துக்கு மாறியிருந்தேன். முதலாளி சேலத்து கேபிளில் விளம்பரம் கொடுத்துவிட்டு என்னையும் வந்து பார்த்தார். "செவுத்தைப் பாக்கறவன் ஏற்கெனவே மலை ஏறிட்டவன் சார். டிவி பாக்கறவன் இன்னும் ஏறாம ஊட்டுல உக்காந்திருக்கறவன். இனி எனக்கு அவன்தான் வேணும்" என்றார். அந்தக் கணக்கில் தவறில்லை. எங்கள் சிறப்பிதழுக்கு அரைப் பக்கம் கால் பக்கமாகிவிடுமோ என்றுதான் எனக்குக் கவலை.

மிளகுக் கிடங்குக்காரர் வீட்டில் அக்காவும் அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். "நொம்ப நல்லா இருக்குதுங்க தம்பி. சுவிட்சைத் தட்டினா போயிருது. நம்மளுது தட்டினாலும் போகாது" என்று அடுத்த முறை நான் மலைக்குப் போனபோது சொன்னார். ஆனால் அவர் குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது. முதலாளிக்கு இனிச் சுவர் வேண்டாம் அல்லவா?

அவருக்கு வேண்டாம்தான். அதனால் ஒரு டீத்தூள் கம்பெனிக்குக் கைமாற்றினார். அக்கா ஓடிப்போய், "உங்க எழுத்து அழியுதில்லீங்களா, அப்ப செவுரு என்றதுதானுங்களே?" என்று கேட்டார். "எங்கேம்மா அழியுது? அது மேலயேதானே எழுதறாங்க" என்றார் முதலாளி.

கம்பெனிக்காரர்கள் ஆரோக்கியசாமியைக் கூப்பிடவில்லை. சேலத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சுவர் சமமாக இல்லை என்று முதலில் ஒரு கொத்தனார் அதன் மேல் சிமென்டு பூசினார். வேனின் ஜன்னலில் பலகையும் துளையும் இருப்பதைப் பார்த்து, உடைந்திருக்கிறது என்று நினைத்து, செங்கல் வைத்து ஒழுங்காக அடைத்துவிட்டுப் போனார். அவர் மேல் குற்றம் இல்லை. அன்று மழை. அடுப்புப் புகைக்குச் சந்து வாசலைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. சாந்திக்கு இரைப்பு முற்றியது.

மறுநாள் காலை வேறொரு செய்திக்காக நான் பஸ்ஸில் மலையேறினேன். வளைவில் வண்டி நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னே இரண்டு வேன், ஒரு லாரி. சிமென்டுப் பூச்சைத் தள்ளிக்கொண்டு ஒரு கடப்பாரையின் முனை வெளியே வந்தது; உள்ளே போனது; மறுபடி வந்தது. ஒரு செங்கல் சாலையில் விழுந்தது. "ஏனுங்க அக்கா, வண்டி மேல உழுகுது!" என்று கத்தினார் கண்டக்டர். "வண்டியை நிக்கச் சொல்லு சாமி. நான் பத்து வருசத்துக்கு மேல நின்னுட்டேன்" என்று சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். ஹாரன் அடித்தார்கள். கடப்பாரை நிற்கவில்லை. இரண்டடியில் அவர் நிறுத்தவில்லை. மூன்றடிக்கு மேல் போனது. புழுதி அடங்கியதும் அந்த ஓட்டையில் சாந்தி வந்து நின்றாள். இரண்டு கையாலும் உடைந்த செங்கல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, தோள் ஏறி இறங்க மூச்சை இழுத்தாள். எந்த வண்டியும் அப்போது ஹாரன் அடிக்கவில்லை.

அந்த வாரமே தலையணை உறை நின்றது. அடுத்த மாதம் பட்டாவைக் காட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. உடைந்த சுவர் டீத்தூள் கம்பெனிக்கு உதவாது என்று அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஆரோக்கியசாமி ஒரு பழைய மரச்சட்டம் கொண்டுவந்து பொருத்தினார். மாரமங்கலம் பக்கத்துப் பெண்கள் ரவிக்கைத் துணி கொண்டுவர ஆரம்பித்ததால் வீடு ஓடியது. சாந்தியின் இரைப்பு போய்விடவில்லை, குறைந்தது. நோட்டீஸுக்கு அக்கா பதில் கொடுத்தார். பதிலுக்கு இன்னொரு நோட்டீஸ் வந்தது. அது இன்னும் முடியவில்லை. எந்த நாளும் வந்து காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையில்தான் கடைசி வரை அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தார்.

போன மாதம் பார்த்தபோது மெலிந்திருந்தார். போஸ்டர் ஏன் வேண்டாம் என்று அப்போது கேட்டேன். "பசை காயறதுக்குள்ள மேல இன்னொருத்தன் ஒட்டுவான், இல்லைன்னா மாசக்கணக்கா மூஞ்சி தொங்கும். எப்படின்னாலும் செவுரு வேற யாரோ ஊட்டுதுங்க. உள்ள யாரு இருக்காங்களோ" என்றார்.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் சுவரை இடித்ததற்கு மறுநாள் எங்கள் நாளிதழில் ஆறு வரிச் செய்தி வந்தது. ஏற்காட்டில் பெண் ஒருவர் தம் வீட்டுச் சுவரை இடித்ததால் அரை மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது என்று இருந்தது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் இடிச்சேன்னு போடலியே தம்பி? அவரு பேரு எங்கீங்க?" என்று கேட்டார். எல்லாம் எழுதியிருந்தேன், மேலே இருக்கிறவர்கள் வெட்டிவிட்டார்கள் என்றேன். அவர் உடனே நம்பினார். அதோடு நிற்காமல், தைக்க வருகிற ஒவ்வொருவரிடமும், "தம்பி எல்லாத்தையும் எழுதினாருங்க, மேல இருக்கறவங்கதான் வெட்டிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மலையில் இன்றும் என்னை நல்லவன் என்று நாலு பேர் சொல்வதற்கு அதுதான் காரணம்.

யாரும் எதையும் வெட்டவில்லை. ஆறு வரிதான் நான் எழுதினேன். அன்று மாலை முதலாளியின் கால் பக்க விளம்பரம் என் பையில் இருந்தது. ரங்கநாயகி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் எனக்காக ஊரெல்லாம் சொல்லிச் சேர்த்து வைத்த அந்த நல்ல பெயர். அதை அவரிடமே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். போன மாதம்கூட அந்த ஜன்னலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், சொல்லவில்லை.

முதலாளியின் மகன் இப்போது லாட்ஜைப் பார்த்துக்கொள்கிறார். எங்களுக்கு விளம்பரமும் தருகிறார். இந்தக் கட்டுரை முழுவதும் லாட்ஜின் பெயர் எங்கும் இல்லை என்பதைப் படித்தவர்கள் கவனித்திருப்பீர்கள். இதையும் யாரும் வெட்டவில்லை.